நான்கும் ஒன்றல்ல



சென்ற மாதம் இல்லச் சந்திப்புக்குச் சென்றபோது, ஒரு வீட்டு முற்றத்தில் பழைய அம்பாசடர் காரின் எஞ்சின் அக்கக்காகப் பிரிக்கப்பட்டுக் கிடந்தது. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உருவான அக்காரை அறியாதவர் நம்மில் யார்? ஓய்வுபெற்ற ஓட்டுநரான குடும்பத் தலைவர், தமக்குச் சோறிட்ட வண்டி நீலப்புகை கக்கத் தொடங்கவே, இளைய மகனின் துணையோடு தாமே அதைச் செப்பனிட முனைந்திருந்தார். தேய்ந்த சிலிண்டர்கள் பட்டறையில் கடையப்பட்டு வந்துவிட்டன. புதிய பிஸ்டன்களும் வளையங்களும் காத்திருந்தன. எஞ்சியது பொருத்தும் வேலையே.

மகனின் கை சற்று மெதுவாக இயங்கியது. "உன் அண்ணனாக இருந்தால் காலையிலேயே முடித்திருப்பான்" என்றார் தந்தை. அவன் மறுமொழி கூறாமல் தலைகுனிந்தான்.

நானும் உதவ எண்ணி, மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருந்த மூடியொன்றை எடுத்து ஒரு கனெக்டிங் ராடின் அடியில் வைத்துப் பார்த்தேன். பொருந்துவதாகவே தோன்றியது. அவரோ பதறிப்போய், "வேண்டாம் சாமி! அது இரண்டாம் எண் மூடி, நீங்கள் வைத்திருப்பது மூன்றாம் ராடு" என்று தடுத்தார்.

பின்னர் விளக்கினார். தொழிற்சாலையில் ராடையும் மூடியையும் போல்ட்டால் இணைத்த பிறகே, இரண்டையும் சேர்த்து ஒரே துளையாகக் கடைவார்களாம். ஆகவே நான்கு மூடிகளும் பார்வைக்கு ஒன்றுபோலிருப்பினும், இடம் மாறினால் துளை சரியான வட்டமாக அமையாது. பேரிங் ஒருபுறம் இறுகித் தேய்ந்து, எஞ்சினே பழுதாகும். அதற்காகவே எண் பொறித்திருக்கிறார்கள்.

"மூன்றாவது இரண்டாவதைப் போல் இல்லையே என்று நொந்து என்ன பயன், சாமி? அதனதன் இடத்தில் அததுதான் சரி" என்று முடித்தார்.

வாசற்படியில் காப்பியுடன் நின்ற அவர் துணைவியார் மெல்லக் கேட்டார்: "இது இரும்புக்கு மட்டுந்தானாங்க?"

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் ஸ்பானரை மகனிடம் நீட்டி, "நீயே முடுக்குப்பா. அவசரமில்லை" என்றார். மகன் ஒவ்வோர் எண்ணையும் துணியால் துடைத்துப் பார்த்து, இணை சேர்த்துப் பொருத்தலானான்.

பெற்றோரே, அண்ணனைக் காட்டித் தம்பியையும், அடுத்த வீட்டுப் பெண்ணைக் காட்டி நம் மகளையும் எத்தனை முறை காயப்படுத்துகிறோம்! மறைக்கல்வி வகுப்பில் நானும் அப்பிழையைச் செய்தவனே. நம்மை உருவாக்கியவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்திருக்கிறார். ஒப்பிடும் சொல் நாவில் எழும்போது, அந்த எண்களை நினைவுகூர்வோம்.

இரு வாரங்கள் கழித்து அக்குடும்பம் ஞாயிறு திருப்பலிக்கு அதே வண்டியில் வந்திறங்கியது. ஓட்டி வந்தவன் இளைய மகன்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!

— உங்கள் பங்குத்தந்தை