கணனிக்கு முன்னால் இருக்கும் பிள்ளை சும்மா இருக்கவில்லை

இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு முறைப்பாடு அடிக்கடி கேட்கிறது. "பிள்ளை விடிய விடிய கம்பியூட்டருக்கு முன்னாலை இருக்குது. பகலிலை நித்திரை. என்ன வேலை எண்டு கேட்டால், சொன்னாலும் உங்களுக்கு விளங்காது எண்டுது." அதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டில் இதற்கு நேர்மாறான பேச்சு நடக்கிறது. கம்பியூட்டர் படித்தால் வெளிநாட்டுக் காசு வீட்டுக்கே வருமாம் என்று கேள்விப்பட்டு, தாயின் காப்பை அடகு வைத்து, மூன்று மாத வகுப்பொன்றுக்குக் கட்டணம் கட்டுகிறார்கள்.

முதலாவது வீட்டார் வேலையை வேலையாகக் காணவில்லை. இரண்டாவது வீட்டார் அதைப் புதையலாகக் காண்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் அந்தத் தொழிலை அறியாமையே. புதிய விதை வெங்காயம் வந்தால் எந்த மண்ணுக்கு ஏற்றது, எத்தனை நாட் பயிர், எத்தனை இறைப்பு வேண்டும் என்று நாலு பேரிடம் விசாரித்த பின்னரே நட்டவர்கள் நாம். இணையத்தளம் அமைக்கும் தொழிலையும் அவ்வாறே விசாரித்து அறிய வேண்டும் என்பதே எமது கருத்து.

இது எமக்கு ஏன் முக்கியமானது? எமது தொழில் மண்ணோடு கட்டுண்டது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், பின்னர் வன்னிக் கிராமங்களிலிருந்தும் நாம் வெளியேறியபோது கிணறும் தோட்டமும் பின்னால் நின்றுவிட்டன. எம்மிற் பலர் திரும்பினோம். இன்னும் திரும்பாதவர்களும் உண்டு. முகாமிலும் உறவினர் வளவிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மண்வெட்டி பிடித்துப் பழகத் தன் காணி இருக்கவில்லை. ஒரு பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய தொழிலை அந்தப் பிள்ளை நாடுவதில் வியப்பில்லை.

இது என்ன தொழில்?

கைத்தொலைபேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கிறோம். பரீட்சைப் பெறுபேற்றைத் தேடுகிறோம். பேருந்துக்கு ஆசனம் பதிகிறோம். இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எழுதிய கட்டளைகளால் இயங்குகின்றன. அக்கட்டளைகளை எழுதிப் பராமரிப்பதே இணையத்தள வடிவமைப்பாளரின் வேலை. எச்.ரி.எம்.எல். என்னும் மொழி பக்கத்துக்கு எலும்புக்கூடு. சி.எஸ்.எஸ். அதற்கு உடையும் நிறமும். ஜாவாஸ்கிரிப்ற் அதற்கு அசைவு கொடுப்பது. முதல் நாளில் இருந்தே இம்மூன்றையும் பழக வேண்டும்.

இதனைத் தொடக்கி வைத்தவர் டிம் பேர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றுகையில், 1989 மார்ச் மாதத்தில் தமது திட்டத்தை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 33. 1993 ஏப்ரில் 30 இல் அந்நிலையம் தனது மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு விட்டுக்கொடுத்தது. இதனால் நாம் அடையும் பயன் பெரிது. கிளிநொச்சியில் ஒரு பிள்ளை பக்கம் ஒன்றை எழுதுவதற்கு யாரிடமும் அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டியதில்லை. ஜெனீவாவில் உள்ள பிள்ளையின் கருவியும் இந்தப் பிள்ளையின் கருவியும் ஒன்றே.

ஆனால் இரு பிள்ளைகளின் நிலைமை ஒன்றல்ல. பேர்னர்ஸ்-லீ தமது முதற் கணனியின்மேல் இதனை நிறுத்த வேண்டாம் என்று சிவப்பு மையினால் எழுதி ஒட்டியிருந்தார். அதை நிறுத்தினால் அன்றைய இணையத்தளம் முழுவதும் நின்றுவிடும். 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டபோது எந்த எழுத்தை ஒட்டியும் பயன் இருக்கவில்லை. அந்நாட்களில் மின்சாரம் வரும் நேரத்தை அறிந்து நள்ளிரவில் எழும்பி வேலை செய்த பிள்ளைகள் பலர்.

அவர்களின் இரவும் பகலும்

இரவு விழிப்புக்கு இன்னொரு காரணம் மணிக்கூடு. லண்டனில் காலை 9 மணி என்றால் எமக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் 2.30. ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால் எமக்கு இரவு 7.30, அங்கே மாலை 5 மணிக்கு அலுவலகம் பூட்டும்போது இங்கே அதிகாலை 3.30. கனடாவில் உள்ளவருக்கு வேலை செய்யும் பிள்ளை அங்குள்ளவர்களின் பகலில் விழித்திருக்க வேண்டியுள்ளது. இரவில் இறைப்புக்குப் போனவனைப் பகலில் நித்திரை கொள்கிறான் என்று நாம் ஏசியதில்லை.

வேலையில் வரும் சிக்கல்கள் எமக்கு விளங்காதவையல்ல. கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்றால் வாய்க்கால் நெடுகிலும் நடந்து எலி வளையைத் தேடுவோம். ஒரு நிறுத்தற்குறி தவறினாலும் பக்கம் வெறுமையாகிவிடலாம். அந்தக் குறியைக் கண்டுபிடிக்க ஒரு முழு இரவு போகும். கண்டுபிடித்த பின் திருத்துவதற்கு ஒரு வினாடி. வெளியில் இருந்து பார்ப்பவருக்குப் பிள்ளை ஒன்றும் செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும். வேலையின் பெரும்பகுதி அந்தப் பார்வையே.

இரவல் வாங்கிய பொருளாலும் இடர் வரும். எல்லாவற்றையும் ஒருவரே எழுதுவதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்த சிறு நிரல்களை எடுத்துப் பொருத்துவார்கள். 2016 மார்ச் 22 இல் ஓர் இளம் நிரலாளர், பெயர் ஒன்றைப் பற்றிய தகராறினால் மனம் நொந்து, தாம் பொதுவில் வைத்திருந்த நிரல்களையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்று வெறும் 11 வரிகள். அதை நம்பியிருந்த பெரிய நிறுவனங்களின் வேலைகளும் உலகெங்கும் தடைப்பட்டன. சில மணி நேரத்தின் பின்னரே சீராகின. பொதுக்கிணற்றுக் கப்பியை ஒருவர் கழற்றிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரியும்.

தமிழில் வேலை செய்யும் பிள்ளைக்கு மேலும் ஒரு சுமை உண்டு. எமது சங்கங்களின் பழைய கூட்டறிக்கைகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். 1991 இல் வெளிவந்த யூனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி எண்கள் உண்டு. 'அ' வுக்கு 2949. பழையவற்றை இம்முறைக்கு மாற்றினால்தான் எவரும் எங்கிருந்தும் படிக்கலாம். ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளந்த பொத்தானுக்குள் தமிழ்ச் சொல் அடங்காமல் உடைந்து நிற்பதையும் திருத்த வேண்டும். இவ்வேலைக்குச் சம்பளம் கொடுப்போர் குறைவு. ஆனால் எமக்கு வேண்டிய வேலை இதுதான்.

பொழுதுபோக்கு என்பது

"வேலை இல்லாத நேரத்திலும் அதுக்குள்ளைதான் கிடக்கிறான்" என்கிறார்கள் பெற்றோர். இதில் இருவகை உண்டு. விளையாட்டிலும் காணொளியிலும் இரவுகளைக் கரைப்பது ஒன்று. காசு வராவிட்டாலும் தனக்குப் பிடித்த ஒன்றைக் கட்டிப் பார்ப்பது மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆகவே ஏசுமுன் கேட்டறிவது நன்று.

இரண்டாம் வகைப் பொழுதுபோக்கின் பயனை எமது சமூகமே அனுபவிக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை 2003 இல் வளர்க்கத் தொடங்கியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். தொழிலால் அவர் கட்டடக் கலைஞர். கட்டுரைகளைத் தமது ஓய்வு நேரத்திலேயே எழுதினார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் படமெடுத்துச் சேர்க்கப்படுகின்றன. உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஓடிய எமக்கு, ஒரு பிரதி வேறிடத்தில் இருப்பதன் பெறுமதியை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆயினும் எல்லாப் பொழுதுபோக்கும் திரைக்குள்ளேயே இருந்தால் உடல் கெடும். மாலையில் ஒரு மணி நேரம் கரப்பந்தாட்டமோ, வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர் கட்டுவதோ வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 வினாடி பார்ப்பது கண்ணுக்கு ஆறுதல் தரும். கட்டிலில் குனிந்திருந்து வேலை செய்யும் பிள்ளைக்கு ஒரு நல்ல மேசையும் கதிரையும் முதலில் வேண்டியவை.

எங்கே ஏமாறுகிறோம்?

அடகுக் கடைக்குப் போவதற்கு முன் அறிய வேண்டியது ஒன்றுண்டு. இத்தொழிலுக்கான பாடங்கள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. 2014 இல் தொடங்கிய பிறீகோட்காம்ப், மொசில்லா அமைப்பின் விளக்கக் கையேடு, ஹாவாட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 பாடநெறி ஆகியவற்றைக் காசில்லாமல் படிக்கலாம். தடையாக நிற்பது ஆங்கில வாசிப்பு. எனவே கையில் உள்ள சிறு தொகையை ஆங்கில வகுப்புக்கும் இணைய இணைப்புக்கும் செலவிடுவது, மினுங்கும் சான்றிதழுக்குச் செலவிடுவதிலும் மேல். 2022 நவம்பரில் சற்ஜிபிரி வெளிவந்த பின்னர் எளிய பக்கத்தை இயந்திரமே சில நிமிடங்களில் எழுதித் தருகிறது. மூன்று மாதத்தில் படிக்கும் அளவு வேலையை இயந்திரம் செய்துவிடும். பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும் ஆற்றல் வருவதற்கு ஆண்டுகள் வேண்டும். அதற்குக் குறுக்கு வழி விற்பவரை நம்ப வேண்டாம்.

அதனிலும் பெரிய ஆபத்து தரகர். தாய்லாந்தில் கணனி வேலை என்று ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்ட இலங்கை இளைஞர்கள், மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். 2024 இல் பலர் தொகுதி தொகுதியாக மீட்கப்பட்டார்கள். வேலை தருபவர் வேலை கேட்பவரிடம் காசு கேட்டாலும், சுற்றுலா விசாவில் போகச் சொன்னாலும், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்த வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வேலை நேரத்தை வீட்டில் எல்லோருமாகப் பேசித் தீர்மானிப்போம். அந்த நேரத்தில் கடைக்குப் போகச் சொல்லிக் கூப்பிடாதிருப்போம். பெண் பிள்ளைக்கும் இதே நேரத்தைக் கொடுப்போம். சமையலையும் கணனியையும் அவள் ஒருத்தியே சுமக்க விடலாகாது.

இரண்டாவது, கிழமைக்கு ஒரு தடவை செய்த வேலையைக் காட்டும்படி கேட்போம். தமிழில் விளக்கிச் சொல்வது பிள்ளையின் கடமை. விளங்கும்வரை கேட்பது எமது கடமை.

மூன்றாவது, விலையையும் திகதியையும் எழுத்தில் பெறாமல் வேலை தொடங்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்போம். ஒரு பகுதியை முற்பணமாகக் கேட்கலாம். உறவினர் வெளிநாட்டிலிருந்து தரும் வேலைக்கும் இது பொருந்தும். சந்தையில் நிறுத்துக் கொடுத்துக் காசு வாங்கியவர்கள் நாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்காவது, செய்த வேலையின் பிரதிகளை இரண்டு இடங்களில் வைக்கச் சொல்வோம்.

ஐந்தாவது, ஓரிரு ஆண்டுகளுக்கு வருமானம் சிறிதாகவே இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதனை நம்பிக் கடன் எடுக்காதிருப்போம். கோழியோ ஆடோ தோட்டமோ, இருக்கும் வருமானத்தைக் கைவிடவும் வேண்டாம்.

பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். எமது சங்கத்தின் கணக்கையும் பழைய கூட்டறிக்கைகளையும் யூனிகோட்டுக்கு மாற்றித் தாருங்கள். சந்தை விலையைத் தமிழில் பார்க்க ஒரு பக்கம் அமைத்துத் தாருங்கள். விட்டு வந்த கிராமங்களின் கிணறுகளையும் ஒழுங்கைகளையும் பெயர் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிச் சேர்த்து வையுங்கள். அந்த வேலைக்கு உங்கள் மேசையும் கதிரையும் மின்சாரக் கட்டணமும் எமது பொறுப்பு.