விசுவாசக் குறைவு என்று சொல்லாதீர்கள்

"ஜெபத்துக்குப் பதில் வரலையா? உங்களுக்கு விசுவாசம் குறைவு." இங்கே புனேயில் தமிழர் வீட்டு ஜெபக்கூட்டங்களில் இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! வேலை போனவரிடமும் சொல்கிறார்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பவுல் தன் முள் நீங்க மூன்று தரம் வேண்டினார் (2 கொரிந்தியர் 12). முள் நீங்கவில்லை, கிருபைதான் கிடைத்தது. கெத்செமனேயில் இயேசு பாத்திரம் நீங்கும்படி வேண்டினார். சிலுவைதான் வந்தது. இவர்களுக்குமா விசுவாசக் குறைவு?

தேவ வாக்குத்தத்தங்களைக் காசோலைக்கு ஒப்பிட்டுப் புத்தகமே எழுதியவர் ஸ்பர்ஜன். அவரே மூட்டு நோயோடும் மனச்சோர்வோடும் பல வருடம் போராடி, 1892-இல் 57 வயதில் இறந்தார். கடைசிவரை ஜெபத்தை விடவில்லை.

வங்கிக்காரன் சொல்கிறேன், கணக்கில் பணமிருந்தும் காசோலை திரும்பினால் கவுண்டரில் சண்டை போடலாம். கர்த்தரிடம் அப்படி நிற்க முடியாது. அவரை 'பிதாவே' என்று கூப்பிடத்தானே இயேசு கற்றுக்கொடுத்தார்? பிள்ளை கேட்டதையெல்லாம் எந்த அப்பா கொடுக்கிறார்?

கேளுங்கள், அழுதும் கேளுங்கள். பதிலை அவர் கையில் விடுங்கள். துக்க வீட்டுக்குப் போனால் மட்டும் தயவுசெய்து விசுவாசத்தை அளக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.