அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறா

ஒவ்வொரு வருசமும் ஜூலை, ஓகஸ்ட் வந்தா என்ர பேஸ்புக்கில ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கிவிடும். நடுவில ஒரு அண்ணாவோ அக்காவோ. ஒரே நிற ரீசேர்ட். சுற்றிவரப் பத்துப் பிள்ளைகள், மடியில ஒரு பிள்ளை. கீழே, "நான் இவர்களுக்குக் கற்பித்ததைவிட இவர்கள் எனக்குக் கற்பித்ததே அதிகம்" எண்டு ஒரு வரி.

அந்தப் படத்தை நானும் போட்டிருக்கிறேன், அதே வரியோட. அதனால இதை ஒரு யோக்கியன் எழுதின உபதேசமா வாசிக்க வேண்டாம்.

சில வருசங்களுக்கு முன்னர், ஒரு சபையின் இளைஞர் குழுவோட கம்போடியாவின் சியாம் ரீப் நகரத்துக்குப் போனேன். அங்கோர் வாட் கோயில் இருக்கிற ஊர். கொழும்பிலிருந்து பாங்கொக், அங்கிருந்து சியாம் ரீப். ஆறு கிழமை ஒரு சிறுவர் இல்லத்தில் வேலை. மெல்பேர்னிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பெடியள், பெட்டையள் எங்களோட இருந்தார்கள். எல்லாரும் நல்ல மனசுக்காரர்தான். அதில எனக்கு இண்டைக்கும் சந்தேகம் இல்லை.

நாள் எப்படிப் போகும் எண்டா, விடிய அஞ்சு மணிக்குச் சேவல் கூவும். பிள்ளைகள் எழும்பி முற்றம் கூட்டுவார்கள். சோறும் கருவாடும் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போற பிள்ளைகள் போக, மிச்சப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஆங்கிலம் படிப்பிப்போம். எங்களில ஒருத்தருக்கும் ஆசிரியர் பயிற்சி இல்லை. நிறங்கள், மிருகங்கள், கை தட்டி ஒரு பாட்டு. மூன்றாம் நாள்தான் கவனித்தேன், நாங்கள் வாயைத் திறக்க முதலே பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். எங்களுக்கு முன்னர் வந்த குழுவும் அதைத்தான் படிப்பித்திருக்கிறது. அதற்கு முந்தின குழுவும் அதையேதான். பின்னேரம் பந்து விளையாட்டு. ராவில சுற்றுலாப் பயணிகள் வந்தா, பிள்ளைகள் உடுத்திக்கொண்டு அப்சரா நடனம் ஆடுவார்கள். வாசலில் ஒரு நன்கொடைப் பெட்டி.

முதல் நாளே ஒரு சின்னப் பிள்ளை ஓடி வந்து என்ர கையைப் பிடித்தாள். ஏழு வயசு இருக்கும். ஆறு கிழமையும் என்ர கையை விடேல்லை. "எங்களை எவ்வளவு கெதியாப் பிடிச்சுப்போச்சு, பாருங்கோ!" எண்டு நாங்கள் புழுகினோம். கடைசிக் கிழமை அடுத்த குழு வான் ஒன்றில் வந்து இறங்கியது. அவள் ஓடிப்போய் முதலாவதாக இறங்கின பிள்ளையின் கையைப் பிடித்தாள். அதே ஓட்டம், அதே சிரிப்பு. என்ர பெயர் அவளுக்குத் தெரியுமோ எண்டுகூட எனக்குத் தெரியாது.

அதற்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெண் மோட்டர்சைக்கிளின் பின்னால இருந்து வந்து இறங்கினா. கையில ஒரு பை றம்புட்டான். அந்தப் பிள்ளை "மாக்" எண்டு கத்திக்கொண்டு ஓடினாள். கெமர் மொழியில மாக் எண்டா அம்மா.

நான் சமைக்கிற அக்காவிட்ட கேட்டேன், "இவள் அநாதை எண்டுதானே சொன்னவை?" அவ சிரித்தா. "இங்க கனபேருக்கு அம்மா அப்பா இருக்கினம், தம்பி." ஏன் விட்டவ எண்டு அவவைக்கொண்டே அந்தத் தாயிட்டக் கேட்டேன். அரிசிக்குக் கஷ்டம், பள்ளிக்கூடத்தில ஆசிரியருக்கு ஒவ்வொரு நாளும் குடுக்கிற காசுக்குக் கஷ்டம், இங்க விட்டா ஆங்கிலமும் படிக்கலாம் எண்டு ஆரோ வந்து சொன்னவை. அவ்வளவுதான் காரணம்.

என்ர பிளைட் ரிக்கற், விசா, குழுவுக்குக் கட்டின காசு எல்லாத்தையும் அண்டைக்கு ராவு கூட்டிப் பார்த்தேன். அந்தப் பிள்ளையை அம்மாவோடயே வைத்துப் படிப்பிக்க அது எத்தனையோ மாதத்துக்குக் காணும். நான் அந்தக் காசைச் செலவழித்தது, அம்மா இருக்கிற பிள்ளைக்கு ஆறு கிழமை அம்மாவா நடிக்க.

இது ஒரு இல்லத்தின் கதை மட்டுமில்லை. 2005 க்கும் 2010 க்கும் இடையில் கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களின் எண்ணிக்கை 75 வீதம் கூடியது. பொல் பொட்டின் ஆட்சி 1979 இலேயே முடிந்துவிட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் தொகை குறைந்துகொண்டு போன காலத்தில்தான் இல்லங்கள் கூடின. யுனிசெப் உதவியோடு 2011 இல் அந்நாட்டு அரசாங்கம் வெளியிட்ட ஆய்வின்படி, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் சுமார் நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். அப்ப கூடினது என்ன? சுற்றுலாப் பயணிகள். எங்களைப் போன்ற குழுக்கள்.

கணக்கு லேசானது. பிள்ளைகள் நிறைந்த இல்லத்துக்குத்தான் ஆக்கள் வருவார்கள். ஆக்கள் வந்தாத்தான் காசு வரும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டா, படம் எடுக்க ஒன்றும் இல்லை. நாங்கள் தேடிப் போகிறபடியால்தான் அந்தப் பிள்ளைகள் அங்கே வைக்கப்படுகிறார்கள். நேபாளத்திலும் இதே கதைதான். போர்க்காலத்தில் ஹும்லா போன்ற மலை மாவட்டங்களின் பெற்றோரிடம் "படிப்பிக்கிறோம்" எண்டு காசும் வாங்கி, பிள்ளைகளைக் காத்மண்டுவுக்குக் கொண்டுவந்து அநாதைகள் எண்டு காட்டினார்கள். அவுஸ்திரேலியா 2018 இல் நவீன அடிமைத்தனச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, அநாதை இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதும் அங்கே பேசப்பட்டது சும்மா இல்லை.

"ஆறு கிழமை அன்பு, அன்பே இல்லாததைவிட நல்லதுதானே?" எண்டு கேட்பீர்கள். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்தினேன். ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு ஒன்று, 136 பிள்ளைகளைப் பல வருசம் தொடர்ந்து கவனித்தது. விடுதியிலேயே இருந்த பிள்ளைகளைவிட, வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் நன்றாக முன்னேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்னர் போனவர்கள். அந்த அரச விடுதிகள் வேறு, நாங்கள் போன இல்லம் வேறு, அது உண்மை. ஆனா பிள்ளைக்கு வேண்டியது மாறாத ஒரு முகம் எண்டது இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். நாங்கள் குடுத்தது ஆறு கிழமைக்கு ஒருக்கா மாறுகிற முகங்கள்.

இனி விசுவாசிகளான என்ர நண்பர்களுக்கு. நானும் சபையில் வளர்ந்தவன். அங்கே ராவு ஜெபத்தில் பிள்ளைகள் கண்ணை மூடி மனப்பாடமாகச் சொல்லும்போது எங்கள் குழுவில் சிலர் அழுதார்கள். அந்தப் பிள்ளைகளின் வீடுகள் பௌத்த வீடுகள். அந்தத் தாயிடம் ஆராவது அனுமதி கேட்டார்களா? சோத்துக்காக வந்த ஏழு வயசுப் பிள்ளை சொல்லுற ஜெபத்தை ஊழியத்தின் பலன் எண்டு எழுதினா, அது ஆருக்குச் சாட்சி? 2010 ஜனவரியில் ஹெயிட்டி பூகம்பத்துக்குப் பிறகு, அமெரிக்க சபைக் குழு ஒன்று 33 பிள்ளைகளை "அநாதைகள்" எண்டு எல்லை கடத்த முயன்று பிடிபட்டது. பிறகு பார்த்தால் அவர்களுக்குப் பெற்றோர் இருந்தார்கள். அந்தக் குழுவும் நல்ல மனசோடதான் போயிருக்கும். நல்ல மனசு காணாது.

இதெல்லாம் கம்போடியா, ஹெயிட்டி எண்டு நாங்கள் கையைக் கழுவவும் ஏலாது. வடக்கிலும் கிழக்கிலும் போரும் சுனாமியும் முடிந்த பிறகும் எங்கட இல்லங்கள் நிறைந்துதான் இருந்தன. அங்கேயும் கன பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். லீவுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வாற எங்கட ஆக்கள் கோயில், கடற்கரை, அதுக்குப் பிறகு ஒரு சிறுவர் இல்லம் எண்டு பட்டியல் போடுகிறார்கள். இங்க இருக்கிற நாங்கள் பிறந்தநாளுக்குக் கேக்கும் மத்தியானச் சாப்பாடும் கொண்டு போகிறோம். வரிசையில நிண்டு "நன்றி அண்ணா" சொல்லிப் படத்துக்குச் சிரிக்கிற பிள்ளைக்கு, தன்ர பிறந்தநாள் எப்ப எண்டு நாங்கள் ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? உங்கட தங்கச்சியின் பள்ளிக்கூடத்துக்குள்ள முன்பின் தெரியாத இருபது பேர் போன் கமராவோட போக விடுவீர்களா?

இல்லங்களை நாளைக்கே மூடு எண்டு நான் சொல்லவில்லை. ஒருத்தருமே இல்லாத பிள்ளைகளும், வீட்டில் பாதுகாப்பில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அங்கே வருசக்கணக்காக நிண்டு வேலை செய்யிற அக்காமாரை நான் குறை சொல்லவும் இல்லை. ஆனா வறுமை மட்டும் ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாக இருக்கக்கூடாது எண்டு 2009 இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட வழிகாட்டிகளே சொல்கின்றன. வறுமைக்கு மருந்து பிள்ளையை எடுக்கிறது இல்லை.

அப்ப என்ன செய்யலாம்? ரிக்கற் காசை, பிள்ளைகளை வீட்டோட வைத்திருக்க உதவுகிற வேலைக்குக் குடுங்கோ. உங்கட ஊரில் தனியப் பிள்ளை வளர்க்கிற தாய் ஒருத்தி இருப்பா, பேரனை வளர்க்கிற அம்மம்மா ஒருத்தி இருப்பா. பின்னேரங்களில் கணக்குச் சொல்லிக் குடுங்கோ, ஆறு கிழமைக்கு இல்லை, ஓஎல் முடியும்வரைக்கும். பதினெட்டு வயசில் இல்லத்தை விட்டு வெளியேறுகிற பிள்ளைக்கு ஒரு வேலை, ஒரு அறை எடுக்க உதவி செய்யுங்கோ. அதுக்கு ஆரும் ரீசேர்ட் அடிக்க மாட்டார்கள். இல்லத்துக்குக் காசு குடுக்கத்தான் போறீர்கள் எண்டா, இரண்டு கேள்வி கேளுங்கோ: போன வருசம் எத்தனை பிள்ளைகளைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பினீர்கள்? என்னைப் போல ஒருத்தனைப் பிள்ளைகளோட விட முதல் என்ன விசாரித்தீர்கள்? என்னிடம் அங்கே ஒருத்தரும் பொலிஸ் அறிக்கை கேட்கவில்லை. பாஸ்போர்ட்டும் காசும் காணுமாயிருந்தது.

அந்தப் படத்தை நான் பிறகு அழித்துவிட்டேன். அதால அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் திரும்பக் கிடைக்கப் போறதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனா அடுத்த ஜூலைக்குப் பெட்டி கட்டுகிற ஆராவது இதை வாசித்தால், ரிக்கற் போட முதல் ஒருக்கா யோசியுங்கோ. நீங்கள் கையைப் பிடிக்கப் போகிற பிள்ளைக்கு, றம்புட்டான் பையோட ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துக்கொண்டு ஒரு அம்மா இருக்கக்கூடும்.