குதிரை ஏறி வர்ற துக்கம்

கௌபாய் படம்னா நமக்கு உடனே ஞாபகத்துக்கு வர்றது தொப்பி, துப்பாக்கி, குதிரை, பின்னாடி விசில்ல ஒரு மியூசிக். இதுல பேயையும் சேர்த்தா? பாயாசத்துக்கு ஊறுகா தொட்டுக்கிட்ட மாதிரி இருக்கும்னு தான் தோணும். ஆனா ஹாலிவுட்ல இந்த வகையறாவுக்குன்னு ஒரு வரிசையே இருக்கு. அதுல உருப்படியான படங்களா பொறுக்கி எடுத்து பாத்தா, எல்லாத்துக்கும் அடியில ஓடுறது ஒரே சமாச்சாரம் தான். ஒரு சாவு விழுந்துருக்கு. அதுக்கு நியாயமும் கிடைக்கல, அழுது தீர்க்கவும் முடியல. மிச்சம் எல்லாம் குதிரை கிளப்புற புழுதி.

இந்த மாதிரி படம் எடுக்க உலகத்துலயே தோதான இடம் எங்க புதுக்கோட்டை பக்கம் தான்னு நான் அடிச்சு சொல்லுவேன். "ஆரம்பிச்சுட்டான்யா, எல்லாம் நம்ம முன்னோர்கள் அப்பவே கண்டுபிடிச்சதுன்னு வாட்ஸப் ஃபார்வர்டு மாதிரி பேசப்போறான்"னு ஓடிறாதீங்க மக்கா. அது இல்ல மேட்டர்.

முதல்ல அந்த ஊரு கதை. க்ளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடிச்ச 'ஹை ப்ளெய்ன்ஸ் ட்ரிஃப்டர்' (1973). லாகோன்னு ஒரு சின்ன ஊரு. பேர் தெரியாத ஒருத்தன் குதிரையில வர்றான். அந்த ஊரு மார்ஷலை நடுத்தெருவுல சாட்டையாலயே அடிச்சு கொன்னப்ப, ஊரே நின்னு வேடிக்கை பாத்துருக்கு. வந்தவன் அந்த மார்ஷலோட ஆவியா, கூடப்பிறந்தவனா? திரைக்கதையில சகோதரன்னு தான் இருந்துச்சு. ஈஸ்ட்வுட் அதை தெளிவா சொல்லாம விட்டுட்டார். சில மொழி டப்பிங்ல மட்டும் சகோதரன்னே சொல்லிட்டாங்க. 'பேல் ரைடர்' (1985) இன்னும் நேரடி. ஒரு சின்னப்பொண்ணோட நாயை ரவுடிங்க கொன்னுடுறாங்க. அவ அதை புதைச்சுட்டு, ஒரு அற்புதம் நடக்கணும்னு வேண்டிக்கிறா. வெளிறின குதிரையில ஒரு பாதிரியார் வந்து சேர்றார். அவர் முதுகுல குண்டு பாய்ஞ்ச தழும்புங்க. அவ்வளவு குண்டு வாங்கின மனுஷன் உயிரோட இருக்க வாய்ப்பே இல்ல.

எம்மா டாமி இயக்கின 'தி விண்ட்' (2018) நம்ம ஆளுங்க அதிகம் பேசாத படம். கண்ணுக்கு எட்டுற வரைக்கும் புல்வெளி, நடுவுல ஒரு மரவீடு, அதுல லிஸ்ஸின்னு ஒருத்தி. குழந்தை செத்தே பொறந்துருக்கு. வெளிய காத்து ஊளையிடுது. காத்துல ஏதோ ஒண்ணு இருக்குன்னு அவ சொன்னா புருஷன் நம்பமாட்டேங்குறான். பேய் நிஜமா இல்ல இவ மனசான்னு படம் கடைசி வரைக்கும் பிடிகொடுக்காது. ஆனா ஒண்ணு மட்டும் தெளிவா தெரியும். அழ ஒரு தோள் இல்லாத இடத்துல துக்கமே பேயா மாறிடுது.

இப்ப நம்ம பக்கம் வருவோம். தமிழ்ல கௌபாய் படம்னா கர்ணன். ஒளிப்பதிவாளரா இருந்து இயக்குனர் ஆனவர். 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972)னு ஜெய்சங்கரை குதிரை மேல ஏத்தி ஓட விட்டார். அப்புறம் தேவர் ஃபிலிம்ஸ் 'தாய் மீது சத்தியம்' (1978). அதுல ரஜினி கௌபாய். பெத்தவங்களை கொன்னவங்களை பழிவாங்குற கதை. ரொம்ப வருஷம் கழிச்சு சிம்புதேவனோட 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010). அது அந்த பழைய படங்களுக்கு ஒரு கிண்டல் கலந்த கும்பிடு. ஊரு பேரே ஜெய்சங்கர்புரம்! நடுவுல 'க்விக் கன் முருகன்' (2009). செத்து மேல போயி திரும்பி வர்ற நம்ம ஊரு சைவ கௌபாய். கழுத்துல தொங்குற லாக்கெட்டுக்குள்ள இருந்து காதலி பேசுவா. கணக்குக்கு அதுவும் சூப்பர்நேச்சுரல் வெஸ்டர்ன் தான். ஆனா அங்க துக்கமே காமெடி.

எல்லாத்தையும் ரசிச்சு பாத்தவன் தான் நான். ஆனா இதுல எல்லாம் வந்தது வெஸ்டர்னோட துணிமணி தான். தொப்பியும் பெல்ட்டும் வந்துச்சு, உள்ள இருந்த ஆள் வரல. வறண்ட பூமி, எட்டாத சட்டம், மாடு திருட வர்றவன், மாட்டை மீட்கப்போயி செத்தவன், செத்தும் ஊரைவிட்டு போகாதவன். இது எதையும் அரிசோனாவுல இருந்து இறக்குமதி செய்ய வேண்டிய அவசியமே இல்ல. மாடு கவர்றது வெட்சி, மீட்கறது கரந்தைன்னு ஸ்கூல்லயே படிச்சோம். மார்க்குக்காக படிச்சதால மறந்துட்டோம். மீட்கப்போயி விழுந்தவனுக்கு நடுகல். கல்லை தேடிப்பாக்குறதுல ஆரம்பிச்சு வாழ்த்துறது வரைக்கும் ஆறு கட்டமா தொல்காப்பியம் பட்டியல் போடுது. அதாவது ஒரு சாவை ஊரே கூடி எப்படி தாங்குறதுன்னு ஒரு ப்ரொசீஜர் டாக்குமெண்ட்.

குதிரைக்கு வருவோம். கீரமங்கலம் பக்கத்துல குளமங்கலம். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் வாசல்ல 33 அடி உசரத்துல ஒரு குதிரை, முன்னங்காலை தூக்கிக்கிட்டு நிக்கும். ஆசியாவுலயே பெருசுன்னு ஊர்க்காரங்க பெருமையா சொல்லுவாங்க. மாசிமகத்துக்கு போனீங்கன்னா குதிரையே தெரியாது, அந்தளவுக்கு காகித மாலையா போட்டு மூடியிருப்பாங்க. இது பெரிய குதிரை. சின்ன குதிரைங்க மாவட்டம் பூரா இருக்கு. புரவியெடுப்புன்னா கோயில்ல இருந்து பிடிமண் எடுத்து வேளார்கிட்ட குடுப்பாங்க. அவர் குதிரை செஞ்சு, சுட்டு, கண் திறந்து வைப்பார். அப்புறம் ஊரே தோள்ல தூக்கிட்டு போயி கோயில்ல இறக்கும். பழைய குதிரை ஒடைஞ்சா யாரும் ஒட்டவைக்க மாட்டாங்க. அது மண்ணோட மண்ணா கரையும், பக்கத்துல புதுசு நிக்கும்.

இதுல எனக்கு பிடிச்ச விஷயம் ஒண்ணு. அமெரிக்கா கௌபாய் குதிரை மேல உக்காந்துருப்பான். இங்க பாருங்க, அந்த மண்குதிரைங்கள்ல முக்காவாசி மேல ஆளே இருக்காது. குதிரை வாங்க வக்கில்லாத சனம், மண்ணுல குதிரை செஞ்சு சாமிக்கு குடுத்துட்டு, "ராத்திரி நீ ஏறி வந்து ஊரைக் காப்பாத்து"ன்னு சொல்லிட்டு வந்துருக்கு. நடுராத்திரி குளம்படி சத்தம் கேட்டா கதவைத் திறக்கக்கூடாதுன்னு எங்க பக்கத்து அப்பத்தாக்கள் சொல்லாத ஆள் இல்ல. அதான் சொல்றேன், அந்த பேர் தெரியாத குதிரைக்காரனை ஈஸ்ட்வுட் கொண்டாந்து தான் நாம பாக்கணும்னு இல்ல.

குடும்ப விஷயத்துக்கு வருவோம், அது தான் இதுல முக்கியம். எங்க பக்கம், தஞ்சாவூர் பக்கம் எல்லாம் பட்டவன்னு கும்பிடுவாங்க. சண்டையிலயோ வேற எப்படியோ அகாலமா செத்துப்போன ஆள் தான் பட்டவன். வீட்டு ஆளே சாமி. கல்யாணம் ஆகாம செத்த பொண்ணுன்னா கன்னி தெய்வம். எங்க வீட்டுலயும் ஒரு மூங்கில் பெட்டி உண்டு. தாத்தாவோட தங்கச்சி, எட்டு வயசுல காய்ச்சல்ல போனது. வருஷா வருஷம் தை மாசம் புதுசா ஒரு பாவாடை சட்டை எடுத்து வச்சு படையல் போடுவோம். தாத்தா போயிட்டாரு. அப்பாவுக்கு அறுபது ஆச்சு. அவ வயசு மட்டும் ஏறவே இல்ல, எட்டு தான். எனக்கு வேலை கிடைச்சப்ப அப்பா பெட்டி முன்னாடி நின்னு, "அத்தை, பையனுக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சுருக்கு, கூட இரு"ன்னு சொன்னாரு. அறுபது வயசு ஆளு எட்டு வயசு புள்ளைகிட்ட உத்தரவு கேக்குறாரு. அவரு பொறக்குறதுக்கு முன்னாடியே செத்துப்போன அத்தை அது.

'தி விண்ட்' பாத்தப்ப எனக்கு இது தான் ஓடுச்சு. அந்த லிஸ்ஸிக்கு ஒரு மூங்கில் பெட்டி இல்ல. வருஷத்துக்கு ஒருநாள் அந்த குழந்தை பேரைச் சொல்லி சோறு வைக்க நாலு சனம் இல்ல. ஆவியா அண்ணனாங்குற கேள்வியும் எங்க ஊர்ல எடுபடாது. "அண்ணன் தான் ஆவி, ஆவி தான் சாமி, மொதல்ல உக்காந்து சாப்பிடு"ன்னுருவாங்க.

ஆனா நம்ம சினிமாவுல பேய்னா என்ன? 'சந்திரமுகி' (2005), 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014)... ஃபார்முலா ஒண்ணு தான். பாதி படம் காமெடி, அப்புறம் ஃப்ளாஷ்பேக்ல ஒரு அநியாயம், க்ளைமாக்ஸ்ல பழிக்குப்பழி. செத்தவங்களை நினைச்சு யாராவது ஒரு நிமிஷம் சும்மா உக்காந்து அழுதிருக்காங்களா? மிஷ்கினோட 'பிசாசு' (2014) ஒரு விதிவிலக்கு. தன் சாவுக்கு காரணமானவனையே காப்பாத்துற பேய், அதுமுன்னாடி உடைஞ்சு நிக்கிற அப்பா. ராதாரவி அழுதது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

நான் இவ்வளவு நேரம் சுத்தி வந்தது ஒரு படத்துக்காகத்தான். மாரி செல்வராஜோட 'கர்ணன்' (2021). என்னைக் கேட்டா தமிழ்ல வந்த உண்மையான சூப்பர்நேச்சுரல் வெஸ்டர்ன் அது தான். தொப்பி கிடையாது, அதனால நாம யாரும் அப்படி கூப்பிடல. படம் எங்க ஆரம்பிக்குது? நடுரோட்டுல ஒரு சின்னப்பொண்ணு வலிப்பு வந்து கிடக்குறா. பஸ்ஸுங்க பாட்டுக்கு போகுது, எதுவும் நிக்கல. அவ செத்து காட்டுப்பேச்சியா, முகமூடி முகத்தோட படம் பூரா வர்றா. பேசமாட்டா, யாரையும் பயமுறுத்த மாட்டா, பழிவாங்க மாட்டா. சும்மா நின்னு பாப்பா. அவளோட அண்ணன் தான் கர்ணன். ஊருக்குள்ள ஒரு குதிரை, கையில ஒரு வாள், வெளியில சட்டம்ங்கிற பேர்ல வர்ற போலீஸ். 1995 ஆகஸ்ட் 31ல கொடியன்குளத்துல நடந்தது தான் இதுக்கு பின்னாடி இருக்குற நிஜம். இவரோட முதல் படத்து பேரே 'பரியேறும் பெருமாள்' (2018), அதாவது குதிரை ஏறுற சாமி. வடக்க இன்னைக்கும் தலித் மாப்பிள்ளை குதிரையில ஊர்வலம் போனா கல்லெறியிற செய்தி வருது. அப்ப குதிரை மேல யார் உக்காரலாம்ங்கிறது அமெரிக்காவுல சாதாரண விஷயம், நம்ம ஊர்ல அது தான் மொத்த கதையும்.

இங்க தான் நான் எங்க ஊர்ப்பெருமையை கொஞ்சம் நிறுத்திக்கிறேன். சாமியாக்கி கும்பிடுறதுல ஒரு ஆறுதல் இருக்கு, சரி. ஆனா ஒரு சௌகரியமும் இருக்கு. மதுரைவீரன், காத்தவராயன், முத்துப்பட்டன்னு நம்ம நாட்டார் சாமிங்க கதைகளை எடுத்துப் பாருங்க. சாதி மாறி காதலிச்ச கதையும் வெட்டுப்பட்ட கதையும் தான் திரும்பத் திரும்ப வரும். கொன்ன கையே கும்பிட்ட கதைங்களும் நம்ம ஊர்ல உண்டு. பயத்துல ஒரு கோயில், வருஷத்துக்கு ஒரு கிடா, கணக்கு முடிஞ்சது. கேஸ் க்ளோஸ்டு. எங்க வீட்டு பெட்டியையே எடுத்துக்குங்க. எட்டு வயசு புள்ளை காய்ச்சல்ல செத்துச்சுன்னா, அன்னிக்கு எங்க ஊர்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக ஒரு வண்டி வாசி இல்ல. சாமி பெட்டிக்குள்ள இருக்கு. அது ஏன் செத்துச்சுங்கிற கேள்வியை மட்டும் யாரும் பெட்டிக்குள்ள வைக்கல.

'கர்ணன்' அந்த கேள்வியை விடமாட்டேங்குது. தங்கச்சி சாமியாகிட்டா போதும்னு சொல்லல. பஸ் நிக்கணும்னு சொல்லுது. லாகோவுல ஊரே வேடிக்கை பாத்துச்சு, இங்க பஸ்ல இருந்தவங்க வேடிக்கை பாத்தாங்க. ரெண்டு படமும் கேக்குறது ஒரே கேள்வி தான்: அப்ப நீ எங்க நின்னுட்டு இருந்த? பேய்ப்படம் நல்ல பேய்ப்படமா ஆகுறது இந்த இடத்துல தான். பேய் வில்லனைப் பாக்கக்கூடாது, நம்மளைப் பாக்கணும்.

அதனால கோடம்பாக்கத்துக்கு என்னோட விண்ணப்பம் ரொம்ப சிம்பிள். தைலமரக்காடு, செம்மண் பொட்டல், வத்திப்போன கம்மாய், தலையில்லாம கரைஞ்சு நிக்கிற மண்குதிரைங்க. செட்டே போட வேணாம், லொகேஷன் ரெடி. பி.யு.சின்னப்பாவையும் ஜெமினி கணேசனையும் குடுத்த ஊரு, ஒரு கதையும் குடுக்கும். வாடிவாசல்ல நின்ன காளை செத்தா மாலை போட்டு, மனுஷனுக்கு செய்யிற அத்தனையும் செஞ்சு புதைக்கிற சனம் இது. துக்கத்துக்கு இங்க பஞ்சமே இல்ல. ராத்திரியில ஒரு குளம்படி சத்தம் கேக்கட்டும். வீட்டுக்குள்ள இருக்குறவன், வர்றது சாமின்னு பயப்படணும். நம்ம ஆளு தான்னு அழவும் செய்யணும். அவனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம கதவுல கைவச்சுட்டு நிக்கணும்.

தொப்பி எல்லாம் வேணாம் சார், துண்டு போதும்.