பெல்லட் அடுப்பு மக்கர் பண்ணுகிறதா? முதலில் மூட்டையைப் பாருங்கள்!

கோடையில் ஜோராக எரிந்த பெல்லட் அடுப்பு, ஐப்பசி மழை பிடித்ததும் சோர்ந்துவிட்டது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலும் தீ எழும்பவில்லை. இட்லிப் பானையில் ஆவி வருவதற்குள் சாப்பிட வந்தவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். தேவதானப்பட்டியில் மெஸ் நடத்தும் வாசகி ஒருவரின் புலம்பல் இது. புது ஃபேன் போடச் சொல்கிறாராம் மெக்கானிக். போடலாமா என்று கேட்கிறார்.

அவசரப்படாதீர்கள். ஃபேனுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால், மூட்டையிலிருந்து நாலு பெல்லட்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்தால் நல்ல சரக்கு. மாவாக உதிர்ந்தால் குற்றவாளி அதுதான்.

மரத்தூள், கடலைத் தொலி, கரும்புச் சக்கை போன்றவற்றைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்த குச்சிதான் பெல்லட். ஈரப்பதம் 10 சதவிகிதத்துக்குள் இருந்தால்தான் ஒழுங்காக எரியும். கொடைக்கானல் மலையடிவாரத்தில் மழை நாளில், வெறும் சிமென்ட் தரையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்த மூட்டை சும்மா இருக்குமா? ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். அடுப்பில் போட்டால், அந்தத் தண்ணீரை விரட்டவே சூடு செலவாகிறது. மூட்டையைப் பலகை மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிரித்த மூட்டையை மூடி போட்ட டிரம்மில் கொட்டுங்கள். போடும் முன் சல்லடையில் சலித்துத் தூளை நீக்குங்கள். தூள், காற்று போகும் இடுக்கையெல்லாம் அடைத்துவிடும்.

அடுத்தது காற்று வழி. ஃபேன் வைத்த அடுப்பில் காற்று இரண்டு இடத்தில் நுழைகிறது. அடித்தட்டு வழியே போகும் காற்று பெல்லட்டைப் புகையவைத்து வாயுவாக்கும். மேல் விளிம்பின் துளைகளில் வரும் காற்று அந்த வாயுவை எரிக்கும். மேல் துளைகளில் கரி அடைத்தால் தீ மஞ்சளாகி, பாத்திரம் கறுக்கும். அடித்தட்டில் சாம்பல் உருகிக் கல்லாக இறுகினால் தீ படுத்துவிடும். பயிர்க் கழிவு பெல்லட்டில் இந்தத் தொல்லை அதிகம். அடுப்பு நன்றாக ஆறிய பிறகு கம்பியால் குத்தி எடுத்துவிடலாம்.

2006-ல் பிபி நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தோடு கொண்டுவந்த ‘ஊர்ஜா’ அடுப்பும் இந்த ரகம்தான். சின்ன ஃபேன், அதற்கு ஒரு பேட்டரி. தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்தது. பெல்லட் விலை ஏறியதும் பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டது. அடுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெல்லட் சரியாகக் கிடைக்காவிட்டால் கதை அவ்வளவுதான்!

ஒரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 1 கிலோ கேஸ் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய 3 கிலோ பெல்லட் வேண்டும். அதாவது 19 கிலோ சிலிண்டருக்கு 57 கிலோ. இதைவிட ரொம்பவே கூடினால் சரக்கையும் காற்று வழியையும் சந்தேகப்படுங்கள்.

தீ மங்குகிறது என்று மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. குப்பென்று முகத்தில் அடிக்கும். மழைச் சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவதும் அதே அளவு ஆபத்து. சோர்ந்து எரியும் தீயும், கடைசியில் கனலும் கரியும் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சமைப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு என்றால் பசி, தூக்கமின்மை என்று நினைத்துக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

காய்ந்த பெல்லட் போட்டு, துளையெல்லாம் சுத்தம் செய்த பிறகும் தீ எழும்பவில்லையா? அடுப்பு ஆறியிருக்கும்போது ஃபேனை ஓடவிட்டு, துளைகளுக்கு மேலே கையை வையுங்கள். காற்று வருவது தெரியவில்லை என்றால் பேட்டரியையும் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். அவையும் சரியாக இருந்தால் மெக்கானிக் சொன்னபடி ஃபேனை மாற்றலாம்.