டீச்சரின் முகம்

பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் முதலில் என்ன கேட்கிறோம்? ‘இன்னைக்கு என்ன ஹோம்வொர்க்? டெஸ்ட்ல எவ்வளவு?’ ‘உங்க டீச்சர் சந்தோஷமா இருந்தாங்களா?’ என்று கேட்க நமக்குத் தோன்றுவதே இல்லை.

ஆனால், ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைக்குப் படிப்பு பிடிப்பதும் கசப்பதும் பெரும்பாலும் அந்த டீச்சரின் முகத்தைப் பொறுத்தது. ‘இதை முதலில் கற்றுக்கொடு’ என்று அரசு எதைச் சொல்கிறதோ, அது அந்த முகத்தில் தெரியும்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் எழுத்தையே மறந்த பிள்ளைகளுக்காக, 2022 ஜூனில் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. 2025-க்குள் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோரும் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய இலக்கு. முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த இத்திட்டம், மறு கல்வியாண்டிலேயே 4, 5-ம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, பாட்டும் கதையும் விளையாட்டுமாகச் சொல்லித்தரும் முறை.

எழுத்துக்கும் கணக்குக்கும் தந்த இந்த முன்னுரிமை சரியானது என்றே நினைக்கிறேன். எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளையை வைத்துக்கொண்டு ‘போர்ஷன்’ முடிப்பதில் ஓர் ஆசிரியருக்கு என்ன நிறைவு கிடைத்துவிடும்? அதே பிள்ளை ஒருநாள் பஸ் போர்டைத் தானாகவே படித்துவிட்டால், அன்றைக்கு அவர் வீட்டில் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

பிறகு ஏன் பலர் சலித்துக்கொள்கிறார்கள்? கற்பிப்பதைவிட, கற்பித்ததற்குக் கணக்குக் காட்டுவது பெரிய வேலையாகிவிட்டது. செயலியில் மதிப்பீடு, கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் பதிவு, அதற்கு நெட் கிடைக்காத தவிப்பு. ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை இதுதான். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் கிராமப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஒருவர் செல்போனோடு மல்லுக்கட்டினால், பாதிப் பள்ளிக்கு டீச்சர் இல்லை!

சலிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் அட்டைகள் மாநிலம் முழுக்க வந்தன. கை பழகியதும் முறை மாறியது. இப்படி மாறிக்கொண்டே இருந்தால், ‘இதுவும் எத்தனை நாளைக்கோ’ என்ற எண்ணம் வராதா? எதை மாற்றலாம், எதை விடலாம் என்று வகுப்பில் நிற்பவரையும் கேட்டு முடிவெடுத்தால், அது அவருடைய திட்டமாகும். மேலிருந்து வந்த உத்தரவை யார் மனசாரச் செய்வார்கள்?

இதில் நமக்கும் வேலை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்கு அவசியம் போங்கள். கட்டடம், கழிவறை பற்றிப் பேசிவிட்டு, ‘பாடம் நடத்த உங்களுக்கு நேரம் கிடைக்கிறதா டீச்சர்?’ என்றும் கேளுங்கள். அவர் சொல்வதைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்புங்கள்.