கேப்சூல் டப்பாவும் சோற்றுத் தட்டும்

தொப்பை விழுந்த ஒருவர் லிப்பிட் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு எகிறியிருக்கிறது, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் ஹெச்.டி.எல். குறைந்திருக்கிறது. மறுநாள் என்ன நடக்கும்? முட்டை நிற்கும். தேங்காய்ச் சட்னி நிற்கும். 'கொலஸ்ட்ரால் இல்லாத' எண்ணெய் பாக்கெட் வரும் (தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது என்பது வேறு விஷயம்!). போதாக்குறைக்கு மருந்துக்கடையில் ஓர் ஆன்டிஆக்ஸிடென்ட் கேப்சூல் டப்பா. தட்டில் குவிக்கும் சோறு மட்டும் அப்படியே இருக்கும்.

மாற வேண்டியது அந்தச் சோறுதான். டப்பா தண்டச் செலவு.

இது தனி ஒருவரின் கதை இல்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது. 72 சதவீதம் பேருக்கு ஹெச்.டி.எல். குறைவு, 30 சதவீதம் பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம். எல்லோரும் பயப்படுகிற எல்.டி.எல். அதிகமாக இருந்தது சுமார் 12 சதவீதம் பேருக்குத்தான். அதாவது இங்கே பெரிய பிரச்சினை முட்டையில் இல்லை. வயிற்றுக் கொழுப்பிலும், அளவுக்கு மீறிய மாவுச்சத்திலும் இருக்கிறது.

உடல் செலவழித்தது போக மிஞ்சும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அது ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் இறங்குகிறது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கூடினால் ஹெச்.டி.எல். குறையும், எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்த்தியாகும். இந்தச் சிறு துகள்கள் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் சுலபமாக நுழைந்து, சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையும். இரும்பு துருப்பிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். துருப்பிடித்த எல்.டி.எல்.லை வெள்ளை அணுக்கள் விழுங்கி வீங்குவதில்தான் மாரடைப்பின் ஆரம்பம்.

துருவைத் தடுப்பது ஆன்டிஆக்ஸிடென்ட். பருமனானவர்களின் ரத்தத்தில் கரோட்டினாய்டுகளும் வைட்டமின் சி-யும் மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி. குறைகிறதா, மாத்திரையாகப் போட்டு நிரப்பு! கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது?

நியாயமாகத்தான் இருந்தது, பரிசோதித்துப் பார்க்கும் வரை. ஃபின்லாந்தில் 29 ஆயிரம் புகைப்பிடிப்பவர்களை வைத்து நடந்த ஆய்வில் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது (1994). அமெரிக்காவின் 'கேரட்' ஆய்வை 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள், அதிலும் இதே கதை. இதயத்துக்கு? பிரிட்டனில் 20,536 பேரை வைத்து நடந்த 'ஹார்ட் ப்ரொடெக்‌ஷன் ஸ்டடி' 2002-ல் வெளியானது. வைட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் ஐந்தாண்டுகள் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. வேடிக்கை என்னவென்றால், எல்.டி.எல்.லும் ட்ரைகிளிசரைடும் லேசாகக் கூடின! எதைக் குறைக்க வாங்கினார்களோ அதையே கூட்டியது.

கீரையிலும் கேரட்டிலும் இருப்பது ஒரே ஒரு பொருள் இல்லை. நார்ச்சத்து, பொட்டாசியம், நூற்றுக்கணக்கான வேறு பொருட்கள் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. அதைவிட முக்கியம், அவை தட்டில் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கேப்சூல் எதன் இடத்தையும் பிடிப்பதில்லை. மூன்றாவது முறை சோறு வாங்கும்போது மனசாட்சியை வேண்டுமானால் அடக்கும். (எண்ணெயே இல்லாமல் கீரையை வேகவைத்துச் சாப்பிடுவதும் தப்பு. கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தாளிப்பு வீண் இல்லை.)

பருமனானவரைப் பார்த்து "வாயைக் கட்டு" என்பது சுலபம். ஆனால் தமிழ்நாட்டு ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு மானிய விலைக்குக் கிடைக்கிறது, அதுவும் மாதம் ஒரு கிலோதான். காய்கறியும் பழமும் முழுக்க முழுக்கச் சந்தை விலை. வயிறு நிறைய மலிவான வழி எதுவோ அதைத்தானே ஜனங்கள் சாப்பிடுவார்கள்? பருப்பையும் கொண்டைக்கடலையையும் கூடுதலாகக் கொடுத்தால், அறிவுரைக்குச் செலவாகும் நோட்டீஸ் காகிதமாவது மிஞ்சும்.

எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கினாலே ட்ரைகிளிசரைடு சுமார் 20 சதவீதம் குறையும். 80 கிலோ ஆளுக்கு அது 4 கிலோவில் தொடங்குகிறது.

இதைப் படித்துவிட்டு டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டாட்டின் மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம். அதே பிரிட்டிஷ் ஆய்வில் வைட்டமின் தோற்றது, சிம்வாஸ்டாட்டின் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைக் கால்வாசி குறைத்தது.